காலண்டரில் இல்லாத பதினாலாம் தேதி

இன்று காலை, இருபத்திரண்டாம் தேதிக்கு நல்ல நேரம் எப்போது என்று பார்க்கக் காலண்டர் தாள்களை விரலால் தூக்கினேன். இருபத்தொன்று இருந்தது. அடுத்தது இருபத்து மூன்று. நடுவில் இருக்க வேண்டிய தாளைக் காணவில்லை.

முதல் சந்தேகம் உன் மேல்தான் வந்தது. நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வரைக்கும் காலண்டர் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். உன்னை விட்டால் இந்த வேலையைச் செய்யக்கூடியவள் இந்த வீட்டில் ஒருத்திதான், என் மகள். காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் திரும்புவதற்குள் உனக்கு எழுதி முடித்துவிட வேண்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி எங்கள் சாமான்களை ஏற்ற லாரி வருகிறது. அவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. இந்த முறை கிழக்குப் பக்கம். மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சையை முடித்த கையோடு, "நான் வரலம்மா, பன்னெண்டாவதையும் இங்கயே முடிச்சிடறேன்" என்று ஆரம்பித்தாள். ஒரு மாதமாக நானும் "ஆர்டர்னா ஆர்டர்தான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்டாளத்து வீட்டில் பிறந்து, பட்டாளத்துக்காரரையே கட்டிக்கொண்டவளுக்கு வேறு பதில் எங்கிருந்து வரும்? உத்தரவு வரும், பெட்டி கட்டுவோம், போவோம். அங்கே போனால் அதே மஞ்சள் சுவர், அதே பச்சைக் கதவு, குழாய் மட்டும் வேறு பக்கம் ஒழுகும்.

இந்தக் காலண்டரும் உங்கள் கடையிலிருந்து வந்ததுதான். நீ இருந்தவரைக்கும் நீ அனுப்புவாய். இப்போது உன் வீட்டுக்காரர் அனுப்புகிறார். தபாலில் சுருட்டி வருகிற அந்தக் குழாயைப் பிரித்ததும் அச்சு மையும் கோந்தும் கலந்த வாசனை அடிக்கும். அந்த வாசனைக்குத்தான் நான் முதன்முதலில் சிநேகிதி ஆனேன், உனக்கு அப்புறம்தான்.

ஒன்பதாம் வகுப்பில் நான் சிவகாசிக்கு வந்து சேர்ந்தபோது அது எனக்கு ஆறாவது பள்ளிக்கூடம். அப்பா அப்போது ஹவில்தார். குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாத எல்லைப் பக்கம் அவரைப் போட்டுவிட்டதால், அம்மா என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்கு வந்து, உங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தாள். என் தமிழில் பாதி இந்தி. வகுப்பில் என்னை இந்திக்காரி என்றார்கள். நான் யாருடைய பெயரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆறு ஊர் பார்த்தவளுக்கு அது பழகிப்போயிருந்தது. இரண்டு வருஷத்தில் நான் விட்டுவிட்டுப் போகிறவர்களின் பெயர் எதற்கு?

நீ மட்டும் இடைவேளையில் நேராக வந்து நின்றாய். இரட்டைப் பின்னல், விரல் நுனியெல்லாம் காய்ந்த கோந்து.

"எம்புட்டு நாளு இருப்ப?"

"ரெண்டு வருஷம்."

"அப்பச் சீக்கிரமாப் பழகணும். வா."

அவ்வளவுதான். உன்னோடு பழக ஆரம்பித்த கதை இத்தனை சின்னது என்று சொன்னால் என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள்.

உன் அத்தா கடையில் அச்சகங்களிலிருந்து வருகிற சாமி படத்தையும் தினத்தாள் கட்டையும் சேர்த்துக் கம்பிப் பின் அடித்துக் காலண்டர் ஆக்குவார்கள். நிறம் பொருந்தாமல் அச்சாகிக் கழித்துப் போட்ட தாள்கள் எல்லாம் நம் நோட்டுகளுக்கு அட்டை. என் அறிவியல் நோட்டில் முருகனுக்கு வேல் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். உன் கணக்கு நோட்டில் இரண்டு மூக்கு வைத்த குழந்தை ஒன்று பால் பவுடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மற்ற ஊர்களில் பழுப்புத் தாள் அட்டைக்கு வெள்ளை லேபிள் ஒட்டிப் போனவள் நான். அந்தக் கோணல் முருகனை முதல் நாள் மறைத்து மறைத்து வைத்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் இன்னும் கோணலாக ஏதாவது கிடைக்குமா என்று உன்னோடு கழிவுத் தாள் கட்டுகளில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் ராசியும் கிடையாது, ராகு காலமும் கிடையாது. ஆனால் சாயங்காலம் முழுக்க அவற்றைத்தான் அடுக்கிக்கொண்டிருப்பாய். ஊரில் உள்ளவர்களின் ராசிக்கெல்லாம் அன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்பது உனக்கு மனப்பாடம். வகுப்புக்குள் நுழைகிற டீச்சர் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு டீச்சருக்குக் கோபம்னு போட்டுருக்கு, வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று என் காதில் ஓதுவாய். பாதி நாள் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தாய். மூலையில் என் கறுப்பு இரும்புப் பெட்டி. மேலே வெள்ளைப் பெயிண்டில் அப்பாவின் பெயரும் நம்பரும். தேவைப்படுகிற துணியை மட்டும் மேலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, மற்றதை அப்படியே கட்டி வைத்திருப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். எப்போது கிளம்பச் சொல்வார்களோ, யாருக்குத் தெரியும்?

"ஏன் புள்ள, பொட்டிக்குள்ளயா குடித்தனம் நடத்துற?" என்று கேட்டுக்கொண்டே நீ அதைக் கவிழ்த்துவிட்டாய். அத்தனையும் தரையில். அம்மா வந்து பார்த்துவிட்டு உனக்குக் காப்பி போடப் போனாள். வெறும் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம், நீ கொண்டுவந்திருந்த கழிவுத் தாளை ஒட்டினாய். ஒரு ரோஜாத் தோட்டம். பூவெல்லாம் காம்பை விட்டு அரை அங்குலம் தள்ளி மிதக்கும். இன்றைக்கும் அந்தப் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பத்தாம் வகுப்பு முடிந்தது. அப்பாவுக்கு வடக்கே நல்ல ஊராகக் கிடைத்து, வீடும் கொடுத்து, எல்லோரையும் கூட்டிப் போக லீவில் வந்தார். ஜூன் பதினாலாம் தேதி விருதுநகரில் சாயங்கால ரயில். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு வருஷம் தனியாகக் கிடந்தவளுக்கு இருக்காதா? எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. உன்னோடு பதினொன்றாம் வகுப்பு, அப்புறம் விருதுநகரில் ஒரே கல்லூரி, ஒரே பஸ், ஜன்னல் சீட்டு ஆளுக்கொரு நாள் என்று நாம் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தோம். யாரிடமும் வாய் திறக்கவில்லை. என்னை ஒருமுறைகூட யாரும் "உனக்கு என்ன வேணும்" என்று கேட்டதில்லை. கேட்கலாம் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வந்து, "காலண்டர் பின்னு லூசா இருக்கு அத்தை, கடையில குடுத்து அடிச்சுட்டு வாரேன்" என்று அம்மாவிடம் சொல்லிக் கழற்றிக்கொண்டு போனாய். அன்றே திருப்பிக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினாய். அம்மா உன்னை மெச்சிக்கொண்டாள்.

பதினாலாம் தேதி காலை. குளித்துவிட்டு வந்த அம்மா எப்போதும்போல நேற்றைய தாளைக் கிழித்தாள். அடுத்த நொடி அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

"ஏங்க! பதினஞ்சாந் தேதியாயிருச்சுங்க! ரயிலு நேத்தே போயிருச்சுங்க!"

அப்பா கையில் பதினாலு போட்ட டிக்கெட். சுவரில் பதினைந்து போட்ட காலண்டர். பார்த்துப் பார்த்து அவருக்கு முகம் வெளுத்தது. நேற்று என்ன கிழமை என்று யோசித்திருந்தால் போதும், ஆனால் அந்த நிதானம் ஒருவருக்கும் வரவில்லை. வேறு ஊராக இருந்தால் காலண்டரைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஊரே உட்கார்ந்து அச்சடிக்கிற காலண்டர் தப்பாக இருக்கும் என்று சிவகாசிக்காரர்களுக்குத் தோன்றுமா? தங்கள் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். "லீவுல வந்தா நாளே தெரிய மாட்டேங்குது" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா கட்டிவைத்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

பனியன், லுங்கியோடு அப்பா டீக்கடைக்கு ஓடினார். அணிவகுப்பில் ஒரு நிமிடம் பிந்தாத மனிதர், "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன தேதி? இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டுக்கொண்டே தெருவில் ஓடியதை அந்தத் தெரு வெகுநாள் பேசிச் சிரித்தது. போனவர் நிதானமாகத் திரும்பி வந்தார். கையில் செய்தித்தாள். பதினாலு.

காலண்டரை ஆணியிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, துப்பாக்கியைச் சரிபார்க்கிறவர் மாதிரி கட்டை விரலால் தடவினார். "இது கிழிச்சதில்ல. பின்னக் கழட்டி, தாள உருவி, திரும்ப அடிச்சிருக்காக. தொழில் தெரிஞ்ச கை" என்றார்.

சரியாக அந்த நேரத்தில் நீ வாசலில் வந்து நின்றாய். ரயிலில் சாப்பிட என்று உன் அம்மா செய்து கொடுத்த தம்ரொட்டு டப்பா கையில். நெய்யும் ரவையும் மணக்கிறது. எல்லோரும் உன்னையே பார்க்கிறோம்.

"வா தாயி" என்றார் அப்பா. "பதினாலாந் தேதி எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு மாமா."

"எதுக்கு எடுத்த?"

"அன்னைக்குத்தானே ரயிலு."

"நாள எடுத்துட்டா ரயிலு நின்னுருமா?"

"நிக்காதுன்னு தெரியும் மாமா. அந்த ஒரு நாளு மட்டும் இல்லாட்டி எம்புட்டு நல்லாருக்கும்னு நெனச்சேன். கையில பின்னும் இருந்துச்சு, எடுத்துட்டேன்." அப்புறம் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "அதுவும் போக, அன்னைக்கு இவ ராசிக்குத் தடங்கல்னுதான் போட்டுருக்கு" என்றாய்.

அப்பாவுக்கு உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குப் புரியவில்லை. "என் ராசிக்கு என்ன போட்டுருக்கு?" என்று கேட்டார்.

"பொறுமை, மாமா."

அப்பா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த காலண்டர் கீழே விழுந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "பட்டாளத்துல எனக்கு ஒரு நாள் லீவு வேணும்னா எத்தன பேரு கையெழுத்துப் போடணும்! இந்தப் புள்ள உனக்காக ஒரு நாளையே தூக்கிருச்சு. நீ ஒரு வார்த்த சொல்லலையே தாயி. உனக்கு என்ன வேணும்?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ தம்ரொட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இங்கயே இருந்து படிக்கணும்ப்பா."

"அப்ப இரு" என்றார்.

அம்மா சும்மா விடவில்லை. வயசுப்பிள்ளையை எங்கே விட்டுவிட்டுப் போவது என்று மூட்டையிலிருந்து எழுந்து நின்று சண்டை போட்டாள். "இந்தா பக்கத்துல விஸ்வநத்தத்துல உன் தங்கச்சி எதுக்கு இருக்கா?" என்று அப்பா அதை முடித்து வைத்தார். அன்றைக்கு மத்தியானமே என் பெட்டி சித்தி வீட்டுக்குப் போனது. பிளாட்பாரத்தில் அம்மா என் கையை விடாமல் அழுதாள். நானும் அவள் கையை விடவில்லை. ரயில் நகரும்போது அப்பா ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்து, "தாயி, இன்னைக்கு என்ன தேதி?" என்று கத்தினார்.

"இன்னைக்குத் தேதியே இல்ல மாமா!"

அந்தத் தேதியில்லாத நாளில் ஆரம்பித்த ஐந்து வருஷங்களைத்தான் நான் என் ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது "சொந்த ஊர் எது" என்று கேட்டால் மாவட்டம் பெயரைச் சொல்கிறேன். மனதில் வருவது உன்னோடு போன பஸ்தான்.

சித்தி வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படிப்போம். விஸ்வநத்தத்தைச் சுற்றியிருக்கிற பட்டாசுக் கம்பெனிகளில் மத்தியான நேரம் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வாய். "குருவி வெடி." கொஞ்சம் கழித்து, "சரம், பாதியில நின்னுபோச்சு." இன்னும் கொஞ்சம் கழித்து, "இது அணுகுண்டு, ஆனா சரக்கு நமுத்துருக்கு, வெயில்ல போடணும்." காதை வைத்தே சரக்கு தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி பொருளாதாரத்துக்குப் போய்விடுவாய். பொருளாதாரத்தில் மட்டும் நீ தேறுவாயா என்று எனக்குப் பயமாக இருக்கும்.

ஆடிப்பெருக்கு அன்று ஊரில் எல்லோரும் அடுத்த வருஷக் காலண்டருக்கு மாதிரிகளைத் தொகுத்து ஆல்பம் போடுவார்கள். வருஷத்தில் ஏழு மாதம்தான் கழிந்திருக்கும், அதற்குள் அடுத்த ஜனவரி நம் கைக்கு வந்துவிடும். நாம் இரண்டு பேரும் புதுத் தாள்களைப் புரட்டி, அவரவர் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறதா என்று முதலில் பார்ப்போம். பட்டாளத்து வீட்டில் நாளை என்ன நடக்கும் என்றே தெரியாமல் வளர்ந்தவளுக்கு, அடுத்த வருஷத்தை ஐந்து மாதம் முன்னாலேயே கையில் பிடித்துப் பார்ப்பது எவ்வளவு தைரியம் தந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை.

விருதுநகர்க் கல்லூரியிலிருந்து திரும்பும்போது பொரிச்ச பரோட்டா பொட்டலம் இல்லாமல் நீ பஸ் ஏற மாட்டாய். கடையில் உட்கார்ந்து தின்னப் பெண்பிள்ளைகளுக்குக் கூச்சம் என்று பொட்டலம் கட்டி வாங்கி, பஸ்ஸே மணக்க மணக்கப் பிரித்துத் தின்பாய். அந்தக் கூச்சம் எங்கே போயிற்றோ? திருத்தங்கல் வருவதற்குள் சால்னா தீர்ந்திருக்கும். "ஏம்மா, ஒரு நாளாவது எனக்குக் குடுத்தீகளா?" என்று கண்டக்டர் கேட்பார். "டிக்கெட்ட ஓசியில குடுத்தீகன்னா பரோட்டாவ ஓசியில தாரேன்" என்பாய். கடைசி வருஷத்தின் கடைசி நாளில் அவருக்கென்று தனிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தாய். அவர் டிக்கெட் கிழிக்காமல் மறந்துபோன மாதிரி முன்பக்கம் போய்விட்டார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பட்டாளத்துக்காரர். நான் சரி என்று சொன்னதைக் கேட்டதும் நீ தலையில் கைவைத்துக்கொண்டாய். "பட்டாளத்துக்கிட்டருந்து உன்னக் காப்பாத்த ஒரு தேதியவே திருடுனேன். நீ திரும்ப அதுலயே போயி விழுறியா?" திட்டித் தீர்த்துவிட்டு, முகூர்த்தத்துக்கு முன்னால் மணப்பெண் அறைக்குள் வந்து என் கையில் ஒரு பழைய தாளை வைத்தாய். ஜூன் பதினாலு. இத்தனை வருஷம் உன் குர்ஆன் அலமாரியின் ஓரத்தில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாய்.

"உனக்கு ஒரு நாளு மிச்சம் கெடக்கு. எங்கயாச்சும் தாங்க முடியலன்னா இத எடுத்துக்கிட்டு வா. நான் கேள்வியே கேக்க மாட்டேன்."

அந்தத் தாள் என் பெட்டியில், மிதக்கிற ரோஜாப் பூக்களுக்குக் கீழே, எத்தனையோ ஊர் சுற்றிவிட்டது. தாங்க முடியாத நாட்கள் வரத்தான் செய்தன. அவர் எல்லையில் இருந்தபோது ஒரு வாரம் போன் வராமல் போயிருக்கிறது. பிரசவத்தின்போது பக்கத்தில் ஆளில்லாமல் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து தாளைப் பார்ப்பேன். ‘தடங்கல்’ என்பதைப் படித்தவுடன் சிரிப்பு வந்துவிடும். சரி, இன்னும் இதைச் செலவழிக்கிற அளவுக்கு ஆகவில்லை என்று மூடி வைத்துவிடுவேன்.

நீயும் ஒருமுறை இங்கே வந்தாயே! பெரிய அதிகாரியின் மனைவி வைத்த தேநீர் விருந்துக்கு உன்னையும் கூட்டிப் போனேன். எல்லோரும் குரல் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தூரத்தில் படபடவென்று சத்தம். நீ பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடியே சொன்னாய்: "சரம். ஆனா திரி சரியில்ல, விட்டு விட்டு வெடிக்கி. எந்தக் கம்பெனி இது? ஆர்டர் நிக்காது." அந்த அம்மா உன் தோழி என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சிப்பாய்கள் துப்பாக்கிப் பயிற்சி செய்கிற சத்தத்தை நீ பட்டாசு என்று நினைத்துத் தரம் பிரிக்கிறாய் என்பதை நான் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள், அத்தனை பெண்களும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். உனக்கு மட்டும் கடைசி வரை சமாதானமாகவில்லை. "துப்பாக்கியாவே இருக்கட்டும். நமுத்துருக்கா இல்லையா?" என்றாய். எங்கள் குவார்ட்டர்ஸில் இன்றும் பயிற்சிச் சத்தம் கேட்டால் யாராவது ஒருத்தி "நமுத்துருக்கா?" என்கிறாள். அர்த்தம் தெரியாமலே பஞ்சாபிப் பெண்கள் வரை இந்த வார்த்தை பரவியிருக்கிறது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்து ஒரு காலையில் போன் செய்தாய். குரல் மெலிந்திருந்தது. நோயைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தாய், அதை நீட்டவில்லை.

"அந்த நாளு இருக்கா, செலவாயிருச்சா?"

"இருக்கு."

"எடுத்துக்கிட்டு வா."

வந்தேன். நீ கேட்ட மாதிரியே உன் வீட்டுக்காரர் காரில் நம்மை ஆனைக்குட்டத்துக்குக் கூட்டிப் போனார். அணை மேல் காற்று அடித்தது. உன் தலையில் முடி இல்லை. முக்காடு பறந்தபோது நீயே "நல்ல வேள, சீப்புச் செலவு மிச்சம்" என்றாய். அப்புறம் விருதுநகர். பரோட்டாக் கடைக்குள் இந்த முறை கூச்சமில்லாமல் நடந்து போய் உட்கார்ந்தோம். உனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. "நீ தின்னு, நான் பாக்கேன்" என்று இலையை என் பக்கம் தள்ளினாய். அழுதுகொண்டே தின்றேன். நீ சால்னாவை ஊற்றிக்கொண்டே இருந்தாய். சொல்கிறேன், அவ்வளவு ருசியாக அதை நான் அதற்கு முன்னும் தின்றதில்லை, பின்னும் தின்றதில்லை.

கிளம்பும்போது தாளை உன் கையில் வைத்தேன். அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தாய், கோந்துக் கடைக்காரி. திரும்ப என் பைக்குள்ளேயே திணித்தாய்.

"இன்னைக்கு நான் கூப்புட்டு நீ வந்த. இது என் கணக்கு. உன் நாளு அப்படியே இருக்கு, வச்சுக்க."

இவ்வளவும் உன்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற என் மகளுக்குத் தெரியும். நீ சொல்லியும் கேட்டிருக்கிறாள், நான் சொல்லியும் கேட்டிருக்கிறாள். அதனால்தான் இருபத்திரண்டைக் காணோம். ஆனால் உன் அளவுக்கு அவளுக்குத் தொழில் தெரியவில்லை. பின்னைக் கழற்றவில்லை, வெடுக்கென்று இழுத்திருக்கிறாள். பின்னுக்கு அடியில் ஓரம் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. அந்தக் கிழிசலைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக அவளிடம் ஆர்டர் ஆர்டர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே தவிர, அப்பா அன்றைக்கு என்னிடம் கேட்டதை நான் அவளிடம் கேட்கவே இல்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பதினாலை எடுத்தேன். காலண்டரை மடியில் வைத்து, நீ செய்கிற மாதிரி கத்தி முனையைக் கொடுத்துப் பின்னின் காலை நிமிர்த்தினேன். ஒன்று நிமிர்ந்தது, இன்னொன்று கட்டை விரலைப் பதம் பார்த்தது. நீயாக இருந்தால் பேசிக்கொண்டே முடித்திருப்பாய். ஒருவழியாகச் செருகி, அம்மிக் குழவியால் தட்டி மாட்டிவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் இருபத்தொன்றுக்கு அப்புறம் பதினாலு, அதற்கப்புறம் இருபத்து மூன்று. மாதம் தப்பு, கிழமை தப்பு, தாள் வேறு மஞ்சளாகிவிட்டது. பார்க்க நம் கழிவுத் தாள் அட்டைகளைப் போலவே இருக்கிறது.

நீ கொடுத்த நாளைச் செலவழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

சற்று முன் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் காலண்டருக்குத்தான் போனது. கிட்டே போய்த் தாள்களைத் தூக்கினாள். பதினாலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது பெரியம்மாவோட நாளுதானேம்மா?"

"ஆமா. இனிமே உன்னோடது. சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

"இங்கயே இருந்து படிக்கணும்மா."

"அப்ப இரு."

என்னைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் தலையில் வெயில் வாசனை. அவள் படிப்பைச் சொல்லி மனுப் போட்டால் இந்த வீட்டை இரண்டு வருஷம் நாங்கள் வைத்துக்கொள்ளலாம். அவர் மட்டும் முதலில் போக வேண்டியிருக்கும். வருத்தப்படுவார், எனக்கும் வருத்தம்தான். சாயங்காலம் வந்ததும், லாரிக்கு நல்ல நேரம் பார்க்க அவரும் தாள்களைத் தூக்குவார். பதினாலு என்று இருக்கும். அவருக்கும் என் அப்பாவின் ராசிதான். அந்தத் தாளில் அந்த ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று அன்றைக்கு அப்பாவிடம் சொன்னவளே நீதான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.